காலை 4.30 மணிக்குத் தொடங்கும் அடுப்படி வேலையைக் குறைக்க எளிய வழிகள் உண்டா?

கேள்வி: உறையூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். திருச்சி உறையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வசிக்கிறோம். கணவரும் நானும் வேலைக்குச் செல்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பிலும் மகள் நான்காம் வகுப்பிலும் படிக்கிறார்கள். அத்தைக்கு 72 வயது. முழங்கால் வலியால் அவர்களால் நெடுநேரம் நிற்க முடியாது.

நான் 4.30 மணிக்கு எழுந்தால் 8.15 மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் வரை உட்கார ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. காலைப் பலகாரம், நான்கு பேருக்கு மதிய டப்பா, அத்தைக்குத் தனியாகக் காரம் குறைத்த குழம்பு, மகளுக்குத் தலை பின்னுதல், இடையில் குழாயில் காவிரித் தண்ணீர் வரும் சிறிது நேரத்துக்குள் குடங்களை நிரப்புதல் என்று வேலைகள் ஒன்றன்மீது ஒன்று வந்து விழுகின்றன. பின்னும்போது மகள் தலையை அசைத்தால்கூட எரிந்து விழுந்துவிடுகிறேன். பள்ளிக்குப் போகும் குழந்தையை முகம் வாட அனுப்பிவிட்டோமே என்று பேருந்தில் போகும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது.

குறிப்பாக மூன்று தொல்லைகளைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அரைக்கும் இட்லி மாவு புதன்கிழமைக்குள் புளித்துவிடுகிறது. நடுவாரத்தில் மீண்டும் அரைக்க நேரமில்லை. காவிரி நீர் தீர்ந்ததும் ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் பயன்படுத்துகிறோம். அதனால் குழாய்களிலும் பாத்திரங்களிலும் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது, துவரம்பருப்பும் எத்தனை விசில் விட்டாலும் குழையாமல் நிற்கிறது. கோடையில் அரிசியில் வண்டு வந்துவிடுகிறது.

புதிய கருவிகள் எதையும் இப்போதைக்கு வாங்க இயலாது. இரண்டு லிட்டர் மேசை கிரைண்டர், மிக்ஸி, இரண்டு குக்கர்கள், ஃபிரிட்ஜ் ஆகியவை உள்ளன. வேலைக்கு ஆள் இல்லை. இருப்பதைக் கொண்டே செய்யக்கூடிய வழிகளைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முதல் பதில்: மதுரை, வங்கி ஊழியர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். 22 ஆண்டுகளாக நானும் இதே ஓட்டத்தில்தான் இருக்கிறேன். அதிகாலையில் இன்னும் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து சமாளிக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து இரண்டே மாதத்தில் உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். காலையில் செய்யும் வேலைகளில் எவை காலையில்தான் செய்யப்பட வேண்டியவை என்று பிரித்துப் பார்த்தால், தாளிப்பதும் சோறு வடிப்பதும் இட்லி ஊற்றுவதும் தவிர ஏறத்தாழ எல்லாமே முந்தைய இரவுக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ போய்விடும்.

இரவு படுக்கும் முன் என் அடுப்பு மேடை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். குக்கர் அடுப்பின்மேல், அடியில் இரண்டு டம்ளர் தண்ணீரோடு நிற்கும். துவரம்பருப்பைக் கழுவி, குக்கர் அடுக்கிலேயே ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். கோடையில் வெளியே வைத்தால் வாடை வந்துவிடும். காப்பி ஃபில்டரின் மேல் தட்டில் தூள் போட்டு அழுத்தி வைத்திருப்பேன். நான்கு டப்பாக்களும் மூடி திறந்த நிலையில் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். காலையில் அடுப்படிக்குள் நுழைந்ததும் தேடுவதற்கு எதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் இதன் நோக்கம். தேடுவதில்தான் நமக்குப் பாதி நேரம் போகிறது.

குக்கரைப் பற்றி ஒரு விஷயம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் 120 டிகிரி அளவுக்குச் சூடேறும். முதல் விசில் வந்த பிறகு தீயைச் சிறிதாக்கினாலும் அந்தச் சூடு உள்ளே நின்றுவிடும். அதன்பின் பெருந்தீயில் வரும் ஒவ்வொரு விசிலும் நாம் காசு கொடுத்து வாங்கிய எரிவாயு ஆவியாக வெளியே போவதன் சத்தமே. ஊறிய பருப்பை அடியடுக்கிலும், அரிசியை அதற்கு மேலும், உருளைக்கிழங்கையோ பீட்ரூட்டையோ மேல்தட்டிலும் வைத்து, ஒரு விசில் வந்ததும் சிறு தீயில் 12 நிமிடம் விட்டு அணைத்துவிடுங்கள். அழுத்தம் தானாக அடங்கும் வரை திறக்காதீர்கள். அந்த நேரத்தில் மகளின் தலையைப் பொறுமையாகப் பின்னி முடிக்கலாம். அடுக்கு இல்லாமல் நேரடியாகப் பருப்பு வேகவைக்கும் நாளில் குக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை பொங்கி ஆவித் துளையை அடைத்துக்கொள்ளும்.

அத்தைக்குத் தனிக் குழம்பு வேண்டியதில்லை. புளியும் பருப்பும் காயும் சேர்ந்து கொதித்தவுடன், குழம்புப் பொடியில் கால் பங்கு மட்டும் போட்டு ஒரு கொதி விட்டு, அவர்களுக்கு வேண்டியதை ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பொடியை அதற்குப் பிறகு சேருங்கள். ஒரே அடுப்பில் இரண்டு குழம்பும் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 200 கிராம் புளியை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து வடிகட்டி, கெட்டியாகக் கொதிக்கவைத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்கலாம்; இரண்டு வாரத்துக்குப் புளி கரைக்கும் வேலை இருக்காது. தேங்காய் இரண்டைத் துருவி, தட்டையாகப் பரப்பி உறைபெட்டியில் வைத்தால் வேண்டிய அளவை உடைத்து எடுத்துக்கொள்ளலாம். பீன்ஸ், அவரை, கோஸ், கேரட் ஆகியவற்றை முந்தைய இரவே நறுக்கலாம். கத்தரிக்காயையும் வாழைக்காயையும் மட்டும் இரவில் நறுக்கவேண்டாம், கறுத்துவிடும். சின்ன வெங்காயத்தை அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறியபின் உரித்தால் கண்ணும் எரியாது, தோலும் எளிதில் கழன்றுவரும். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையைப் பெரியவர்கள் மனமுவந்துதான் செய்கிறார்கள்.

இரண்டாம் பதில்: தஞ்சாவூர், ஓய்வு பெற்ற ஆசிரியை

அம்மா, உங்கள் மாவு புளிப்பதற்குக் காரணம் நீங்கள் அரைப்பதில் இல்லை. அரைத்த மாவு முழுவதையும் ஒரே நேரத்தில் பொங்கவிடுவதுதான் காரணம். உளுந்தோடு இயற்கையாகவே வரும் லியூகோநோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, வாயுவையும் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. வாயு மாவைப் பொங்கவைக்கிறது, அமிலம் புளிப்பைத் தருகிறது. குளிரில் அவற்றின் வேகம் மிகவும் குறையுமே தவிர அடியோடு நின்றுவிடாது. திங்கள்கிழமை காலையில் முழுமையாகப் பொங்கிய மாவை ஃபிரிட்ஜில் வைத்தாலும், தினமும் வெளியே எடுத்து உள்ளே வைக்கும்போது அது மேலும் மேலும் புளித்துக்கொண்டேதான் இருக்கும்.

அரைத்து முடித்து உப்புப் போட்டுக் கரைத்தவுடனே மாவை இரண்டு பாத்திரங்களாகப் பிரித்துவிடுங்கள். திங்கள் முதல் புதன் வரைக்குமானது ஒன்று. அதை வழக்கம்போல வெளியே வையுங்கள். மற்றொன்றைப் பொங்கவிடாமல், அரைத்த சூடு ஆறுவதற்குக்கூடக் காத்திராமல், நேராக ஃபிரிட்ஜின் குளிர்ந்த பகுதியில் வைத்துவிடுங்கள். புதன்கிழமை மாலை நீங்கள் வீடு திரும்பியதும் அதை வெளியே எடுத்து வைத்தால் வியாழன் காலையில் புதிதாக அரைத்த மாவைப் போலவே பொங்கி நிற்கும். என் வீட்டில் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் இருந்த ஏழு ஆண்டுகளும் இப்படித்தான் வாரம் ஒரு முறை மட்டும் அரைத்துச் சமாளித்தேன்.

மேலும் சிலவற்றைச் சொல்கிறேன். இட்லி அரிசி நான்கு பங்குக்கு முழு உளுந்து ஒரு பங்கு, ஒரு தேக்கரண்டி வெந்தயம். உளுந்தைத் தனியாக, தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, கையில் எடுத்து நீர் நிறைந்த கிண்ணத்தில் ஒரு துளி விட்டால் மிதக்கும் வரை அரைக்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பவேண்டாம். சித்திரை, வைகாசியில் உங்கள் ஊர் வெயிலுக்கு ஆறு மணி நேரமே போதும். இரவு 10 மணிக்கு அரைத்து முடித்தால் காலை எழுந்தவுடன் மாவு தயாராக இருக்கும். மார்கழியில் 12 மணி நேரம்கூட ஆகும். அப்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும் பூசை அலமாரிக்குப் பக்கத்தில் வைப்பார்கள், மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றியும் வைப்பார்கள். தினமும் முழுப் பாத்திரத்தையும் வெளியே எடுத்துக் கலக்காதீர்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஈரமில்லாத கரண்டியால் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்படியும் வெள்ளிக்கிழமை மாவு சற்றுப் புளித்திருந்தால் அதைத் திட்டமாகவே வைத்துக்கொள்ளலாம். வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் கடுகும் வதக்கிச் சேர்த்துக் குழிப்பணியாரம் ஊற்றினால், அந்தப் புளிப்பே அதற்குச் சுவை. குழந்தைகள் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

மூன்றாம் பதில்: திருநெல்வேலி, குடியிருப்புப் பராமரிப்பாளர்

வணக்கம் சகோதரி. பருப்பு குழையாததற்கும் குழாயில் வெள்ளை படிவதற்கும் காரணம் ஒன்றே. ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுந்திருக்கின்றன. அவை பருப்பின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுவதால், எத்தனை விசில் வந்தாலும் பருப்பு பிரிந்து நிற்கிறது. எனவே நிரப்பும் காவிரி நீரில் ஒரு குடத்தைப் பருப்புக்கும் காப்பிக்கும் என்றே ஒதுக்கிவிடுங்கள். பருப்பை ஊறவைப்பதும் அந்த நீரிலேயே இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கவும் தரை துடைக்கவும் அதைச் செலவழிக்கக் கூடாது. இந்த ஒரு மாற்றத்தால் காலையில் பத்து நிமிடமாவது மிச்சமாகும்.

குழாயில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சோப்புக்கும் கம்பிநாருக்கும் அது அசையாது, அமிலத்துக்கு உடனே கரையும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள், அது சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, குழாயின் முனை அதில் மூழ்கும்படி ரப்பர் வளையத்தால் கட்டி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அவிழ்த்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் உள்ளே அடைத்திருக்கும் சுண்ணாம்பு, பொரிப்பொரியாக உதிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். தண்ணீர் சரியாக வராத ஷவருக்கும், அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டிய வெந்நீர்க் கெண்டிக்கும் இதுவே போதும். பிழிந்த எலுமிச்சைத் தோலை எறியாமல் குழாயின் அடிப்பகுதியில் தினமும் ஒரு முறை தேய்த்துவந்தால் புதிதாகப் படிவதே குறையும்.

சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் கறை போகும் என்று பலரும் பகிர்கிறார்கள். இரண்டும் கலந்தவுடன் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடுகின்றன. நுரை வருவதால் ஏதோ நடப்பதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். அதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு வெளிப்படும். எங்கள் குடியிருப்பிலேயே இப்படிச் செய்து மூச்சுத் திணறியவரைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியிருக்கிறோம்.

குடங்களையும் டிரம்மையும் வாரத்தில் ஒரு நாள் முழுவதும் காலிசெய்து, உட்புறச் சுவரை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரின் விளிம்பில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரை மட்டும் கொட்டினால் விளிம்பில் ஒட்டிய முட்டைகள் போகாது, தேய்த்தே ஆக வேண்டும். உங்கள் மகன் செய்யக்கூடிய வேலை இது.

அரிசி வண்டின் முட்டை பெரும்பாலும் வாங்கும்போதே அரிசிக்குள் இருக்கும். கோடையில் 25 கிலோ மூட்டையாக வாங்காமல் பத்து பத்துக் கிலோவாக வாங்குவதே முதல் வழி. நன்றாக உலர்ந்த டப்பாவில் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு வைப்பது வழக்கம். அது வண்டு வருவதைத் தள்ளிப்போடும், முற்றிலும் தடுக்காது. துவரம்பருப்பில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவிப் பிசறி வைத்தால் ஆறு மாதம் வரை வண்டு அண்டாமல் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது.

நான்காம் பதில்: காரைக்குடி, இரு பிள்ளைகளின் தந்தை

வணக்கம். மேலே சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. ஆனால் உங்கள் பதிவில் கணவர் வேலைக்குச் செல்கிறார் என்பதைத் தவிர, வீட்டில் அவர் என்ன செய்கிறார் என்று ஒரு சொல்லும் இல்லை. குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் மனைவி மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அறுவை சிகிச்சைக்காகப் பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தபோது, சமையலை எப்படியோ சமாளித்துவிட்டேன். என்னால் சமாளிக்க முடியாமல் போனது, நினைவில் வைத்துக்கொள்வதுதான். சிலிண்டர் எப்போது மாற்றியது, அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை எத்தனை மிச்சம், மின்கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, பிள்ளையின் சீருடை எந்தக் கிழமைக்கு எது என்பதெல்லாம் ஒரே ஒருத்தியின் தலைக்குள் இருந்தன. எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் இரவு 9 மணிக்குச் சிலிண்டர் தீர்ந்தது, மாற்றுச் சிலிண்டரும் காலியாகக் கிடந்தது. அந்த இரவில்தான் நான் 'உதவி' என்று அதுவரை செய்துகொண்டிருந்தது எவ்வளவு சிறியது என்று உணர்ந்தேன். அவள் நினைவுபடுத்தி நான் செய்கிற எந்த வேலையும் பாதி அவள் செய்த வேலைதான்.

இப்போது எங்கள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. நூலில் பென்சில் கட்டியிருக்கிறது. சிலிண்டர் மாற்றிய நாளில் ஒரு வட்டம், மாத்திரை அட்டை தொடங்கிய நாளில் ஒரு கோடு, நம் மாநிலத்தில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் கணக்கெடுக்க வந்த நாளில் ஒரு குறி. மூன்று மாதம் எழுதிய பிறகு, 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு எத்தனை நாள் வரும் என்பது யார் கேட்டாலும் சுவரிலேயே தெரிந்துவிட்டது. பொருள் தீர்ந்தபின் எழுதக்கூடாது. கடைசிப் பொட்டலத்தைப் பிரிக்கும் கையே எழுத வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

வேலையைப் பிரிக்கும்போது முழுதாகப் பிரியுங்கள். என் பொறுப்பு எரிவாயுவும் மளிகையும் இரவுப் பாத்திரமும். எரிவாயு என்றால் பதிவுசெய்வது, வாங்கும்போது முத்திரையையும் வளையத்தில் பொறித்திருக்கும் சோதனைக் காலத்தையும் பார்ப்பது, ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது எல்லாமே அதில் அடங்கும். அந்த வளையத்தில் சி-27 என்று இருந்தால் 2027 செப்டம்பர் வரை என்று பொருள். ஏ மார்ச்சையும் பி ஜூனையும் டி டிசம்பரையும் குறிக்கும். கசிவு வாடை வந்தால் மின்விசையைத் தொடாமல் சன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இவற்றில் எதையும் என் மனைவி இப்போது நினைக்க வேண்டியதில்லை.

உங்கள் மகனுக்கு 14 வயது இருக்கும். தண்ணீர் பிடிப்பது முழுக்க அவனுடைய வேலையாகட்டும். மகள் தன் டப்பாவை மாலையில் வந்ததும் தானே கழுவி வைக்கட்டும். முதல் இரண்டு வாரம் மூடியின் வளையத்தில் அழுக்கு நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் மீண்டும் கழுவினால் அந்த வேலை நம்மிடமே திரும்பி வந்துவிடும்.

கேள்வி கேட்டவரின் மறுபதிவு, ஐந்து வாரங்களுக்குப் பின்

நேரம் ஒதுக்கி எழுதிய நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. செய்து பார்க்காமல் பதில் எழுதக்கூடாது என்றுதான் காத்திருந்தேன்.

மாவைப் பிரித்து வைப்பது எங்கள் வீட்டுக்கு மிகச் சரியாகப் பொருந்திவிட்டது. ஆனால் மாலை 7 மணிக்கு வெளியே எடுத்தால் குளிர் இறங்கவே இரண்டு மணி நேரம் ஆகிறது, காலையில் பாதிதான் பொங்கியிருந்தது. இப்போது அத்தை மதியம் 3 மணிக்கே எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஃபிரிட்ஜ் உள்ளவர்கள் வீட்டில் பகலில் யாராவது இருந்தால் அப்படிச் செய்யலாம்.

பருப்பு காவிரி நீரில் ஒரே விசிலில், சிறு தீயில் வெண்ணெயாகக் குழைகிறது. இத்தனை நாள் பருப்பு விற்ற கடைக்காரரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அடுக்கில் வேகும் சோற்றை மட்டும் அத்தைக்குப் பிடிக்கவில்லை. வடித்த சோறுதான் வேண்டும் என்றார்கள். அதனால் மற்றோர் அடுப்பில் வடிக்கிறேன், அது 20 நிமிட வேலைதான். கஞ்சியை மகள் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் போகிறாள்.

காரைக்குடி நண்பரின் பதிலைக் கணவரிடம் எதுவும் சொல்லாமல் படிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். அடுத்த நாள் காலண்டர் ஒன்றை வாங்கி வந்து ஆணியடித்து மாட்டினார். இப்போது எரிவாயுவும் இரவுப் பாத்திரமும் மகளின் தலை பின்னுவதும் அவரிடம். முதல் வாரம் இரட்டைச் சடையில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருந்தது. அவள் அப்படியே பள்ளிக்குப் போனாள், இப்போது நேராகிவிட்டது. மகன் தண்ணீர் பிடிக்க ஒரு நாள் தூங்கிவிட்டதால் அன்று பருப்புக் குழம்பு இல்லாமல் மிளகு ரசத்தோடு முடித்தோம். அதன்பின் அவன் தவறவிட்டதில்லை.

இப்போது நான் 5.20 மணிக்கு எழுகிறேன். ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை: ஐப்பசி மழை தொடங்கினால் மூன்றாம் மாடியின் சிறு பால்கனியில் ஐந்து பேரின் துணியும் சீருடையும் எப்படி உலரும் என்று தெரியவில்லை. மின்விசிறியின் கீழ் கொடி கட்டி உலர்த்தினால் அறை முழுவதும் ஈர வாடை வருகிறது. இதற்கு வழி கண்டவர்கள் இங்கேயே எழுதுங்கள்.

மதுரை, வங்கி ஊழியர்

சகோதரி, மகிழ்ச்சியாக இருக்கிறது. மழைக்காலத்தில் வாரக்கடைசியில் மொத்தமாகத் துவைக்காமல், சீருடைகளை மட்டும் தினமும் இரவு துவைத்துவிடுங்கள். பிழிந்த துணியை ஓர் உலர்ந்த பருத்தித் துண்டின்மேல் விரித்து, பாய்போலச் சுருட்டி, முழங்காலால் அழுத்தி எடுங்கள். பாதி ஈரத்தைத் துண்டு வாங்கிக்கொள்ளும். சட்டைகளைக் கொடியில் மடித்துப் போடாமல் ஹேங்கரில், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, சன்னலை ஒரு பக்கம் திறந்து வைத்து மின்விசிறியின் கீழ் மாட்டுங்கள். சன்னலைச் சாத்தினால்தான் வாடை வரும். காலையில் காலரிலும் பையிலும் ஈரம் மிச்சமிருந்தால் இஸ்திரிப் பெட்டி போதும்.